புரதம் நார்மல், பேண்ட் பாசிட்டிவ்: தண்டுவட நீர் அறிக்கையில் இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும்?

கேள்வி இது: “என் தங்கைக்கு 27 வயது. ஒரு கண்ணில் பார்வை திடீரென்று மங்கியது, கண்ணை அசைத்தால் வலி. எம்ஆர்ஐ எடுத்தார்கள். அப்புறம் முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள், அன்றைக்கே கையிலிருந்து ரத்தமும் எடுத்தார்கள். அறிக்கையில் மொத்தப் புரதம் 38, நார்மல் என்று இருக்கிறது. அதற்குக் கீழேயே ஐஜிஜி இன்டெக்ஸ் 0.90, ஆலிகோகுளோனல் பேண்ட் பாசிட்டிவ், டைப் 2 என்றும் இருக்கிறது. புரதம் நார்மல் என்றால் பாசிட்டிவ் எங்கிருந்து வந்தது? ரத்தம் எதற்கு? மறுபடி ஊசி போட வேண்டியிருக்குமா?”

இரண்டு வரிகளும் சரிதான். ஒன்றுக்கொன்று முரண் இல்லை. முதல் வரி எவ்வளவு புரதம் இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது வரி அந்தப் புரதத்தில் ஒரு சிறு பகுதி எங்கே உண்டானது என்று சொல்கிறது. உங்கள் தங்கை விஷயத்தில் இரண்டாவதுதான் முக்கியம். நான் வைத்தியம் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் இல்லை, இந்த மாதிரிகளைப் பல வருடமாகப் பரிசோதனை செய்கிற உயிர்வேதியியல் ஆய்வக ஆள். அதனால் அறிக்கைக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் சொல்ல முடியும். சிகிச்சை முடிவு அவருடைய மருத்துவர் கையில்.

முதலில் அந்த நீரைப் பற்றி. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு பெரியவருக்குச் சுமார் 150 மில்லி தண்டுவட நீர் இருக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. அதாவது தினமும் மூன்று தடவைக்கு மேல் முழுசாக மாறிவிடுகிறது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 6000 முதல் 8000 மில்லிகிராம் புரதம். இந்த நீரில் 15 முதல் 45 மில்லிகிராம்தான். ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. அந்தக் கொஞ்சத்திலும் ஐந்தில் நான்கு பங்கு ரத்தத்திலிருந்து வடிந்து வந்தது, மீதிதான் மூளையும் அதைச் சுற்றிய திசுக்களும் தந்தது. ரத்தத்துக்கும் இந்த நீருக்கும் நடுவே உள்ள தடுப்பு ஒரு வடிகட்டி மாதிரி. அதன் வழியாக வருவதால் சின்ன மூலக்கூறு சுலபமாக வரும், பெரியது சிரமப்பட்டு வரும்.

ஆக, புரதம் கூடினால் அதற்குக் காரணம் மூன்றில் ஒன்று. வடிகட்டி தளர்ந்து ரத்தப் புரதம் அதிகமாக உள்ளே வந்திருக்கலாம். நீரின் ஓட்டம் மந்தமாகி, வந்தது வெளியேறாமல் தேங்கியிருக்கலாம். இல்லையென்றால் உள்ளேயே ஏதோ புரதத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கலாம். மொத்தப் புரதம் என்ற ஒற்றை எண்ணால் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டவே முடியாது. நடுவில் உள்ள ஓட்டத்தின் பங்கு பலருக்குத் தெரியாது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஹன்சோட்டோ ரைபர் என்பவர் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார். வடிகட்டியில் ஓட்டை விழாமலே, ஓட்டம் குறைந்தாலே புரதம் ஏறும். மூளையின் உள்ளறைகளில் இருக்கும் நீரைவிட இடுப்பில் எடுக்கும் நீரில் புரதம் கூடுதலாக இருப்பதும், வயது ஏற ஏற அளவு கொஞ்சம் உயர்வதும் சாதாரணமான சங்கதிகள். அறுபது வயதுக்காரருக்கு 50 என்று வந்ததைப் பார்த்து வீடே கலங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். பல ஆய்வகங்கள் இன்னும் எல்லா வயதுக்கும் 45 என்ற ஒரே கோட்டைத்தான் அச்சடிக்கின்றன. இது மாற வேண்டும்.

சரி, உள்ளே தயாரானதா வெளியிலிருந்து வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் ஆல்புமின் உதவுகிறது. ஆல்புமினைத் தயாரிப்பது கல்லீரல் மட்டுமே. மூளை அதைச் செய்வதே இல்லை. அதனால் தண்டுவட நீரில் இருக்கும் ஆல்புமின் முழுக்க ரத்தத்திலிருந்து வந்தது. ரத்தத்தில் எவ்வளவு, நீரில் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து வகுத்தால் வடிகட்டியின் நிலை தெரிந்துவிடும். உங்கள் தங்கையிடம் அன்றே ரத்தம் எடுத்தது இதற்குத்தான். ரத்தம் இல்லாமல் இந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

அவருடைய அறிக்கையின் எல்லா எண்களும் நீங்கள் தரவில்லை. ஆனால் 38-உம் 0.90-உம் சேர்ந்து வரும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ரத்தத்தில் ஆல்புமின் 4200 மில்லிகிராம், நீரில் 21 என்று வையுங்கள். 21-ஐ 4200-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 5. இதற்கு மேல்வரம்பை, வயதைப் பதினைந்தால் வகுத்து நான்கைக் கூட்டி எடுப்பார்கள். 27 வயதுக்கு 5.8. ஆக வடிகட்டி நன்றாக இருக்கிறது. இப்போது ஐஜிஜி, அதாவது ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) வகை. ரத்தத்தில் 1200, நீரில் 5.4. அதே மாதிரி வகுத்தால் 4.5. இந்த 4.5-ஐ முந்தைய 5-ஆல் வகுத்தால் 0.90. இதுதான் ஐஜிஜி இன்டெக்ஸ். வழக்கமான மேல்வரம்பு 0.7.

ஏன் 0.7? ஐஜிஜி ஆல்புமினைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரியது, அதனால் வடிகட்டியைத் தாண்டுவது சிரமம். ரத்தத்திலிருந்து மட்டுமே வந்தால் இந்த விகிதம் பெரும்பாலும் 0.5-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்தக் கணக்கில் நம் எடுத்துக்காட்டில் நீரில் சுமார் 3 மில்லிகிராம் ஐஜிஜி இருந்திருக்க வேண்டும். இருப்பது 5.4. மேலதிகமான 2.4 மில்லிகிராம் உள்ளேயே தயாராகியிருக்கிறது. இந்த 2.4 மில்லிகிராம் மொத்தப் புரதமான 38-க்குள் இருந்தால் எப்படித் தெரியும்? 35.6 ஆக இருந்திருக்க வேண்டியது 38 ஆகியிருக்கிறது, இரண்டும் நார்மல்தான். உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான். நோயின் சுவடு மிகச் சிறியது, அதை மொத்த அளவில் தேடினால் கிடைக்காது.

அடுத்து பேண்ட். இதன் கதை பழையது. தண்டுவட நீரை இடுப்பில் ஊசியால் எடுக்கும் முறையை ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிஷ் க்விங்கே 1891-இல் விவரித்தார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு, புரதம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதோடு ஆய்வகம் நின்றது. ஃபீனால் கரைசலில் ஒரு துளி விட்டு, பால் போலக் கலங்குகிறதா என்று பார்க்கும் பாண்டி சோதனை அந்தக் காலத்தது. 1942-இல் அமெரிக்காவில் எல்வின் கேபட்டும் உடன் இருந்தவர்களும் மின்புலத்தில் புரதங்களை ஓடவிட்டுப் பிரித்து, மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (சுருக்கமாக எம்எஸ், உடம்பின் நோயெதிர்ப்பே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) நோயாளிகளின் தண்டுவட நீரில் காமா குளோபுலின், அதாவது ஆன்டிபாடிகள் அடங்கிய புரதத் தொகுதியின் பங்கு கூடியிருப்பதைக் காட்டினார்கள். கேபட் அந்தக் கருவியைக் கற்றுக்கொண்டது சுவீடனின் உப்சாலாவில், அதை உருவாக்கிய ஆர்னே டிசேலியஸின் ஆய்வகத்தில். டிசேலியஸுக்கு 1948-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இன்றைய முறை இன்னும் நுட்பமானது. அகரோஸ் ஜெல் பலகையில் ஒரு முனை அமிலமாகவும் மறுமுனை காரமாகவும் படிப்படியாக மாறும்படி அமைத்து மின்சாரம் பாய்ச்சுவோம். ஒவ்வொரு ஆன்டிபாடியும் தன் மின்னேற்றம் பூஜ்யமாகும் இடத்துக்கு ஓடிப்போய் நின்றுவிடும். பிறகு அதை ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றி, ஐஜிஜியை மட்டும் பிடிக்கும் சாயம் ஏற்றுவோம். ஆரோக்கியமான ஒருவருக்கு ஆயிரக்கணக்கான வகை ஆன்டிபாடிகள் இருப்பதால் தாள் முழுக்க ஒரே பூச்சாகத் தெரியும், தீற்றிய சாந்து போல. சில குறிப்பிட்ட பி செல் குடும்பங்கள் மட்டும் பெருகி ஒரே வார்ப்பு ஆன்டிபாடியை அடுத்தடுத்துச் செய்தால், அந்தப் பூச்சின் நடுவே கூர்மையான கோடுகள் எழும். அவைதான் ஆலிகோகுளோனல் பேண்ட். முதல் தடவை அந்தக் கோடுகள் தாளில் மெல்ல மெல்ல நிறமேறி எழுந்ததைப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எங்கோ மூளையுறைக்குள் உட்கார்ந்திருக்கும் சில செல் குடும்பங்களின் வேலை, கண்ணுக்கு முன்னால் கோடாக வந்து நிற்கிறது.

இங்கேயும் ரத்தம் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். நீரிலும் ரத்தத்திலும் ஒரே அளவு ஐஜிஜி இருக்கும்படி ரத்தத்தைப் பல நூறு மடங்கு நீர்த்து, பக்கத்துப் பக்கத்துப் பாதையில் ஓடவிடுவோம். நீரில் கோடு, ரத்தத்தில் இல்லை என்றால் டைப் 2. உங்கள் தங்கைக்கு வந்திருப்பது அது, உள்ளேயே தயாரிப்பு நடக்கிறது என்பதற்கு அதைவிட உறுதியான ஆய்வகச் சான்று இல்லை. இரண்டிலும் கோடுகள் இருந்து, நீரில் மட்டும் சில கூடுதலாக இருந்தால் டைப் 3, அதுவும் பாசிட்டிவ்தான். இரண்டிலும் அச்சு அசலாக ஒரே கோடுகள் என்றால் டைப் 4, அது உடம்பில் வேறெங்கோ நடப்பதன் நிழல். இந்த டைப் 4-ஐப் பாசிட்டிவ் என்று எழுதிவிடுவதுதான் இந்தச் சோதனையில் நடக்கக்கூடிய மோசமான தவறு. ரத்த மாதிரி இல்லாமல் வந்த தண்டுவட நீரில் கோடுகளை எண்ணி அறிக்கை கொடுக்கிற ஆய்வகத்தை நான் நம்ப மாட்டேன்.

எனக்கே ஒரு அனுபவம். சில வருடம் முன்பு ஒரு மருத்துவமனையிலிருந்து தண்டுவட நீர் மட்டும் வந்தது, ரத்தம் இல்லை. வார்டுக்குப் பேசி ரத்தம் கேட்டேன். மூன்றாம் நாள் அனுப்பினார்கள். ஆனால் அதற்குள் நோயாளிக்கு இம்யூனோகுளோபுலின் ஊசி ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். அந்த மருந்து ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் ஐஜிஜியைத் திரட்டிச் செய்தது. அதை ஏற்றிய பிறகு எடுத்த ரத்தம் நோயாளியின் ரத்தமாகக் கணக்கில் வராது. இன்டெக்ஸும் பேண்டும் இரண்டுமே வீண். அந்த நீர் சிரமப்பட்டு, வலித்து எடுக்கப்பட்டது. ஒரு குப்பி ரத்தத்தை அரை மணி முன்னால் எடுத்திருந்தால் போதும். அதிலிருந்து, முதுகில் ஊசி போடப்போகிறார்கள் என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “ரத்தம் சேர்த்து எடுக்கச் சொன்னார்களா?” என்பதுதான். ஸ்டீராய்டு விஷயம் இவ்வளவு கடுமையில்லை. அது இன்டெக்ஸைக் கொஞ்ச நாள் இறக்கலாம், கோடுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இப்போது பாசிட்டிவ் என்பதன் அர்த்தத்துக்கு வருகிறேன், நீங்கள் பயந்துகொண்டிருப்பது அதைத்தான் என்று தெரிகிறது. பேண்ட் பாசிட்டிவ் என்றால் எம்எஸ் என்று அர்த்தம் இல்லை. மூளை, தண்டுவடப் பகுதிக்குள் நோயெதிர்ப்பு வேலை நடக்கிறது என்றுதான் அர்த்தம். தட்டம்மை வைரஸ் வருடங்கள் கழித்துக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் எஸ்எஸ்பிஇ நோயிலும், நரம்பு மண்டலத்தைத் தொட்ட சிபிலிஸிலும், எச்ஐவியிலும் இதே கோடுகள் வரும். வட ஐரோப்பாவில் எம்எஸ் நோயாளிகள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாசிட்டிவ், ஆசிய நாடுகளில் அந்த விகிதம் குறைவு. ஆகவே நெகட்டிவ் வந்தாலும் நம் ஊரில் எம்எஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் எம்ஆர்ஐயோடு சேர்த்துப் பார்க்கும்போது இதற்கு எடை மிக அதிகம். முன்பெல்லாம் எம்எஸ் என்று உறுதி செய்ய இரண்டாவது தாக்குதல் வரும்வரை அல்லது புது எம்ஆர்ஐ புண் தோன்றும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017-இல் திருத்திய மெக்டொனால்ட் வரையறை, எம்ஆர்ஐயில் போதிய இடங்களில் புண் இருந்து, நீரில் மட்டும் பேண்டும் இருந்தால், அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்றது. 2024-இல் வந்த அடுத்த திருத்தம் கண் நரம்பையும் அந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்தது, பேண்டுக்கு ஈடாக கப்பா ஃப்ரீ லைட் செயின் என்ற அளவையும் ஏற்றுக்கொண்டது. அது ஆன்டிபாடியின் ஒரு துண்டை எந்திரத்தில் அளந்து எண்ணாகத் தரும் சோதனை. கோடு எண்ணும் கண்களை நம்பியிருக்க வேண்டாம், சீக்கிரமாகவும் முடியும். வரும் வருடங்களில் நம் ஊர் ஆய்வகங்களிலும் இதுதான் முதலில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் தங்கைக்கு நான் கட்டாயம் கேட்கச் சொல்வது இன்னொன்று. அக்வாபோரின்-4, எம்ஓஜி என்ற இரண்டு ஆன்டிபாடிகள் பார்க்கப்பட்டனவா? இவை பார்க்கப்படுவது ரத்தத்தில், செல்களின் மேல் நேரடியாக ஒட்டவிட்டுப் பார்க்கும் முறையில். இந்த ஆன்டிபாடிகளால் வரும் இரண்டு நோய்கள் உண்டு, கண் நரம்பு வீக்கம் அவற்றிலும் வரும், வெளியே பார்த்தால் எம்எஸ் போலவே இருக்கும். அவற்றில் ஆலிகோகுளோனல் பேண்ட் சிறு பங்கினருக்குத்தான் வரும், அதனால் டைப் 2 வந்திருப்பது தராசை எம்எஸ் பக்கம் சாய்க்கிறது. ஆனாலும் விட்டுவிடக் கூடாது. காரணம் சிகிச்சை. இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட் போன்ற எம்எஸ் மருந்துகள் அக்வாபோரின் நோயை மோசமாக்கக்கூடும்.

இதற்கு நேர் எதிரான அறிக்கையும் உண்டு. மொத்தப் புரதம் எகிறியிருக்கும், ஆனால் உள்ளே எதுவும் தயாராகியிருக்காது. இதன் பெயர்பெற்ற உதாரணம், கைகால் தளரும் கியான்-பாரே நோய். 1916-இல், முதல் உலகப் போரின் நடுவே, கியான், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் கைகால் தளர்ந்த இரண்டு சிப்பாய்களைப் பார்த்தார்கள். தண்டுவட நீரில் செல்கள் ஏறவில்லை, புரதம் மட்டும் ஏறியிருந்தது. தொற்று என்றால் செல்களும் சேர்ந்து ஏற வேண்டும். அந்தப் பொருத்தமின்மையே நோயின் அடையாளமாயிற்று. நரம்பு வேர்களில் வீக்கம், அங்கே வடிகட்டி தளர்ந்து ஆல்புமின் கொட்டுகிறது. இதில் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது, முதல் வாரத்தில் எடுத்தால் கணிசமான பேருக்குப் புரதம் நார்மலாகவே வரும். ஏற நாள் பிடிக்கும். அதை வைத்து நோயே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, நல்ல மருத்துவர் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் மாட்டார்.

நம் நாட்டு ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு காசநோய் மூளையுறை அழற்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதிக புரதம் என்று எங்கள் மேசைக்கு வருவதில் பெரும்பங்கு அதுதான். புரதம் நூறுகளில் இருக்கும், குளுகோஸ் இறங்கியிருக்கும், லிம்போசைட் செல்கள் கூடியிருக்கும். குழாயை அசைக்காமல் வைத்தால் சிலந்தி வலை போல ஒரு மெல்லிய படலம் தொங்கும். புரதம் மட்டும் ஆயிரத்தைத் தாண்டி, நீர் மஞ்சளாகி, தானாகவே உறைந்தால், தண்டுவடத்தில் எங்கோ ஓட்டம் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னால் சொன்ன தேக்கத்தின் உச்சம் அது. ஊசி போடும்போதே ஒரு ரத்தக்குழாய் குத்துப்பட்டாலும் புரதம் பொய்யாக ஏறும். ஆயிரம் சிவப்பணுவுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் என்று கழித்துப் பார்ப்போம்.

அல்சைமரில் இன்னொரு வகைப் புரதங்கள் பேசுகின்றன. அமிலாய்ட் பீட்டா 42 நீரில் குறையும், ஏனென்றால் அது மூளையிலேயே படிந்துவிடுகிறது. டாவ் புரதம் கூடும். இந்த அமிலாய்டைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி, அது குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியிலோ பாலிஸ்டைரீனிலோ பிடித்தால் அளவு இறங்கி, இல்லாத நோய் இருப்பது போல் தெரியும். பாலிப்ரோப்பிலீன் குழாய்தான் வேண்டும். 42-ஐ, அதே அமிலாய்டின் இன்னொரு வடிவமான 40-ஆல் வகுத்த விகிதமாக அறிக்கை கொடுப்பதும் இதனால்தான், இரண்டும் ஒட்டுவதால் பிழை ஓரளவு அடிபட்டுப்போகும்.

கடைசியாக, மறுபடி ஊசி போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பேண்டுக்காக வேண்டியதில்லை. ஒருமுறை வந்த கோடுகள் எம்எஸ்ஸில் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும், சிகிச்சை நன்றாக வேலை செய்தாலும் அவை மறைவது அபூர்வம். அதனால் மருந்து கேட்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐயையும் பார்வை, நடை போன்றவற்றையும்தான் கவனிப்பார்கள். இந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், முடிந்தால் பேண்ட் தாளின் படத்தையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அதைக் காட்டினால் போதும். ஊசி போட்ட இடத்தில் தண்டுவடம் இல்லை, அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அதனால் இடுப்பு செயலிழந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் சரியாகிறது என்றால் மட்டும் அது ஊசித் துளை வழியாக நீர் கசிவதால் வருவது. பெரும்பாலும் சில நாளில் தானே தீரும். தீராவிட்டாலோ, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்து வந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.